படித்த கல்லூரிக்கு நாம் ஏன் திரும்பிப் போக வேண்டும்

1961-ல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல்நலக் குறைவு வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். 5 பேரை வேறு டாக்டரிடம் அனுப்புகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர்.

இது அமெரிக்கா, பிரிட்டன் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு. நம்மூரில் சாதாரணச் சளிக்கும் நேராகப் பெரியாஸ்பத்திரி ஓ.பி.க்குப் போகிறவர்கள் உண்டு என்பதால் எண்கள் மாறும். ஆனால் அடிப்படை மாறாது. மருத்துவ மாணவர் வார்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒருவரிடம். படித்து முடித்து வேலை பார்க்கப்போவதோ அந்த 250 பேரிடம்.

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் கிளினிக் நடத்துபவன். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் என் கல்லூரிக்குப் போய், பாடம் முடித்துப் பயிற்சி ஆண்டில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். "அங்கே பேராசிரியர்கள் இல்லையா, நீங்கள் போய் என்ன சொல்லித்தரப் போகிறீர்கள்?" என்று நண்பர்களே கேட்கிறார்கள். என் பதில் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பேராசிரியர் அந்த ஒருவரை என்னைவிட நூறு மடங்கு நன்றாக அறிவார். அந்த 250 பேரை நான் தினமும் பார்க்கிறேன்.

உதாரணத்துக்கு ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. மாணவர் இந்த நோயைக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கும்போது நோயாளி பல நேரம் ஐ.சி.யு.வில் இருப்பார். மூச்சுத் திணறல், கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, பிளேட்லெட் குறைவு என்று பிரச்சினைகள் வரிசை கட்டி நிற்கும். கூடவே ஒரு கட்டு ரிப்போர்ட். அதே நோய் என் மேஜைக்கு வரும்போது வெறும் காய்ச்சல்தான்: நான்காம் நாள், தலைவலி, உடம்புவலி. டெங்குவா, டைபாய்டா, ஏதோ ஒரு வைரஸா, இதுவா?

அப்போது சட்டையைக் கழற்றச் சொல்லித் தேட வேண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு தென்பட்டால் பாதி வேலை முடிந்தது. அது பொதுவாக வலிப்பதில்லை. அதனால் நோயாளியாக அதைப் பற்றிச் சொல்ல மாட்டார். பெண்கள் கூச்சப்படுவார்கள். பக்கத்தில் நர்ஸ் இருக்க, எதற்காகப் பார்க்கிறோம் என்று முதலில் விளக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எல்லா நோயாளிக்கும் அந்தப் பொருக்கு இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை பெரும்பாலும் போதும், ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இதே நோயாளியை ஐந்து நாள் கழித்து ஐ.சி.யு.வில் பார்க்க வேண்டாம் என்றால், நாளைக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உட்காரப்போகும் அந்த ஹவுஸ் சர்ஜனுக்கு இன்றே இது தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் அறுபது பேர் வரிசையில் காத்திருக்கும் ஓ.பி.யில் யாரைச் சட்டையைக் கழற்றச் சொல்வது, யாரை வேண்டாம் என்று விடுவது என்பது புத்தகத்தில் இல்லை.

இது ஒருவழிப் பாதை இல்லை. 2023-ல் வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஸ்க்ரப் டைபஸ் கடுமையாகிவிட்டால் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகச் செலுத்துவது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று அது காட்டியது. இப்படி ஒரு செய்தி சிறு நகர கிளினிக்குக்கு வந்து சேர ஏதாவது ஒரு வழி வேண்டும். மருத்துவர்கள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து அந்த மணிக்கணக்கைச் சேர்த்துவிடலாம். மாணவர்கள் முன் நின்று பேசுகிறவருக்கு அப்படி முடியாது. "ஏன் சார் இந்த மருந்து? எத்தனை நாள்? டெங்குவுக்கு என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை ஆறாம் நாளில் எடுத்தால் பயன் உண்டா?" என்று கேள்வி வரும். முந்தின இரவே படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கிளினிக் என்பது தனிமையான வேலை. இரவு பதினோரு மணிக்கு ஒரு குழந்தை வலிப்போடு வந்தால், கூடப் பேச ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாகப் பிராக்டிஸ் செய்பவர்களுக்குத் தெரியும். கல்லூரியோடு தொடர்பில் இருப்பவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். 108-ல் ஏற்றும்போதே அங்கே டூட்டியில் இருப்பவருக்கு விவரம் போய்விடும்: எடை எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம். நாம் கல்லூரிக்குப் போய்வருவதால் நம் நோயாளிக்கு நேரடியாகக் கிடைக்கும் நன்மை இது. நன்றிக்கடன் என்ற பேச்சை எடுக்காமலே இந்த ஒரு காரணம் போதும் என்பது என் கருத்து.

நன்றிக்கடன் உண்டுதான். ஆனால் அது யாருக்கு என்பதில் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கட்டடத்துக்கா? ஒரு பெரியவரின் வயிற்றில் பத்து மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை வைத்துக் கல்லீரல் தட்டுப்படுகிறதா என்று பார்த்தோம். அவர் முகம் சுளிக்காமல் படுத்திருந்தார். முதன்முதலாக ஊசி போட்டுப் பழகியது யாரோ ஒருவருடைய கையில். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களை இனி தேடிப் போய்ப் பார்க்க முடியாது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கப்போகிற டாக்டரைக் கொஞ்சம் நல்ல டாக்டராக்க முடியும்.

இப்போது கல்லூரிக்குள் வருகிற மாணவர்களும் மாறியிருக்கிறார்கள். 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் மூலம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் மருத்துவம் படிக்க வருகிறார்கள். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைவிட நல்ல காரியம் சமீபத்தில் மருத்துவக் கல்வியில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்த ஒரு பெண், அனாடமி வகுப்பில் முதல் வாரமே தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் இதற்கு முன் கல்லூரிப் படியை மிதித்தவர்களே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது, "நானும் தமிழ் மீடியம்தான்மா, முதல் இன்டர்னலில் ஃபெயில் ஆனாலும் பயப்படாதே, எந்தப் பக்கத்தை முதலில் படிக்கணும்னு சொல்றேன்" என்று சொல்ல ஓர் அக்காவோ அண்ணனோ. அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் நின்ற அனுபவம் நமக்கு இருக்கிறது. வீடியோ காலில் வாரம் ஒருமுறை மாதிரி வைவா நடத்த அரைமணி நேரம் போதும்.

தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்தது. முதலாண்டு மாணவர்களைத் தனியாக வைப்பது அவசியம், அதில் சமரசமே கூடாது. ஆனால் அதோடு சேர்ந்து, நல்ல சீனியர்கள் கைபிடித்து வழிகாட்டுவதும் கொஞ்சம் குறைந்துபோனது. விடுதியில் இல்லாத, மதிப்பெண் போடாத, எந்த அதிகாரமும் இல்லாத பழைய மாணவர் அந்த இடத்தைப் பயமில்லாமல் நிரப்பலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆன்லைன் ஆய்வில் பங்கெடுத்த இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்குதான் அது. அப்படியே வைத்துக்கொண்டாலும் சிறிய எண் இல்லை. பழைய மாணவர் அங்கே மனநல மருத்துவராக நடந்துகொள்ள வேண்டியதில்லை. பேச்சில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் மனநலத் துறைக்குக் கூட்டிப் போகலாம், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுக்கலாம், அடுத்த நாளும் போன் செய்து விசாரிக்கலாம்.

படித்த இடத்துக்குத் திரும்பிப் போனவர் என்றதும் என் நினைவுக்கு வருகிறவர் டாக்டர் மேரி வர்கீஸ். நான் வேலூரில் படித்தவன் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி ஹவுஸ் சர்ஜன்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன். சி.எம்.சி.யில் படித்த அவர் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு, 1963-ல் தன் கல்லூரியிலேயே அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் அங்கே வந்தது. எல்லோரும் இப்படிச் செய்ய முடியாது. ஆனால் ஒரு பழைய மாணவி தன் அனுபவத்தோடு திரும்பி வந்ததால் ஒரு கல்லூரியில் என்ன மாறியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

பழைய மாணவர் சங்கங்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பல வளாகங்களில் சங்கம் என்றால் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு மட்டும்தான். அதே வளாகத்தில் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி படித்தவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பக்கவாதம் வந்தவரை வீட்டில் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று ஹவுஸ் சர்ஜனுக்குக் கற்றுத்தர என்னைவிட அனுபவமுள்ள நர்ஸ்தான் சரியான ஆள். சங்கத்தின் கதவை அவர்களுக்கும் திறந்துவிட வேண்டும்.

வெள்ளிவிழாச் சந்திப்புகளில் போட்டோ எடுத்து, ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது தப்பில்லை. வெயில் காலத்தில் மாணவர்களுக்கு அது உதவும். ஆனால் அத்தோடு நின்றுவிடுகிறோம். போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. மருந்து கம்பெனி கொடுத்த ஸ்லைடுகளோடு போகக் கூடாது. நோயாளியின் பெயரோ முகமோ தெரியும் படங்களைக் காட்டக் கூடாது. அடையாளம் இல்லாத படத்துக்கும் நோயாளியிடம் அனுமதி வாங்க வேண்டும். "எங்க காலத்துல" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரத்தை விழுங்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள தேர்வுகளைப் பற்றி மட்டும் பேசாமல், கைகழுவும் பழக்கத்தை வார்டில் எப்படிக் கொண்டுவந்தார்கள், டூட்டி மாறும்போது நோயாளி விவரத்தை எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்பது போன்ற விஷயங்களைச் சொன்னால் இங்கே நாளைக்கே பயன்படும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: டீன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், அல்லது கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் இருக்கும் ஆசிரியருக்கு ஒரு போன். எந்தத் தலைப்பில், எவ்வளவு நேரம் என்று நீங்களே குறித்துச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு விருப்பப் பயிற்சிக்காக எலெக்டிவ் என்று ஒதுக்கும் நாட்களில் உங்கள் மருத்துவமனைக்கு இரண்டு பேரை அனுப்பும்படி கேளுங்கள். முதலாண்டு மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டம் இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது; அந்த ஊர்ப் பக்கம் நீங்கள் வேலை பார்த்தால் அவர்களோடு ஒரு நாள் போய்வாருங்கள்.

இதில் ஒரு கூட்டத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நாமக்கல், திருப்பூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், கிருஷ்ணகிரி, திருவள்ளூர், நீலகிரி. மொத்தம் 1,450 இடங்கள். அங்கே முதலில் சேர்ந்தவர்களுக்குச் சீனியர் என்று ஒருவரும் இல்லை, அழைப்பதற்குப் பழைய மாணவர்களும் இல்லை. அந்த மாவட்டங்களில் வேலை பார்க்கும் நாம் மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஸ்டான்லியிலோ படித்திருப்போம். "அது நம்ம காலேஜ் இல்லையே" என்று விலகி நிற்காமல், அரியலூரில் இருப்பவர் அரியலூர் கல்லூரிக்கும் ராமநாதபுரத்தில் இருப்பவர் அந்தக் கல்லூரிக்கும் போகலாம். அந்தக் கல்லூரிகளின் டீன்களும் தங்கள் மாவட்டத்தில் இருக்கும் மருத்துவர்கள், நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்டுகளின் பட்டியலை எடுத்து, வருகிற கல்வியாண்டு தொடங்கும் முன் அவர்களை ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும்.