ஸ்வால்பார்டு போகிறீர்களா? விசாவில் அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், கணவனும் மனைவியும், பயணக் காப்பீடு எடுக்க மட்டும் என்னிடம் வந்தார்கள். டிக்கெட், தங்குமிடம், விசா எல்லாம் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். நார்வே தலைநகர் ஓஸ்லோ, அங்கிருந்து அதற்கு வெகு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகள், திரும்ப ஓஸ்லோ வழியாக ஊர். பாஸ்போர்ட்டை வாங்கி விசா ஸ்டிக்கரைப் பார்த்தேன். நுழைவுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 01 என்று இருந்தது. கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

“ஸ்வால்பார்டும் நார்வேதானே சார்?” என்று அந்த அம்மா கேட்டார்.

நார்வேதான். ஆனால் 1920ல் கையெழுத்தான உடன்படிக்கையால் அந்தத் தீவுக்கூட்டத்துக்குத் தனி நிலை உண்டு. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவரலாமே, அந்த ஷெங்கன் பகுதிக்குள் அது வராது. அங்கே இறங்க எந்த நாட்டுக்காரருக்கும் விசா தேவையில்லை. சிக்கலே அங்கேதான். விசா வேண்டாத இடம் என்று படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நாம் அங்கே போக ஓஸ்லோ அல்லது வட நார்வே நகரமான ட்ரோம்சோவில் விமானம் மாற வேண்டும். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறோம். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை விசா முதல் தடவை ஓஸ்லோவில் இறங்கியபோதே தீர்ந்துபோயிருக்கும்.

அதனால் விண்ணப்பத்திலேயே இரண்டு நுழைவு அல்லது பலமுறை நுழைவு என்று கேளுங்கள். ஸ்வால்பார்டு போய்வரும் டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் இணைத்து, எதற்காக இரண்டாவது நுழைவு வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது கணக்கில் வராது, ஸ்டிக்கரில் என்ன அடித்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 02 அல்லது பலமுறை நுழைவைக் குறிக்கும் ‘மல்ட்’ (MULT) என்று இருக்க வேண்டும்.

அப்புறம் காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எழுதிய பாலிசி ஸ்வால்பார்டில் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லாங்யர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. பெரிய பிரச்சினை என்றால் 900 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ட்ரோம்சோவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துப்போகிறவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நள்ளிரவுச் சூரியனையும் வடதுருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. லாங்யர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டு இல்லாமல் வானத்தில் ஒளி தெரியாது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடையிலும் கம்பளியும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் வேண்டும்.

ஊர் எல்லையில் சிவப்பு விளிம்பிட்ட முக்கோணப் பலகையில் வெள்ளைக் கரடி ஒன்று நிற்கும். படம் எடுக்க அழகான இடம்தான். ஆனால் அதைத் தாண்டித் தனியாக ஓர் அடிகூட வைக்காதீர்கள், துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது 2025 முதல் அங்கே சட்டம். கரடியைக் கண்டிப்பாகக் காட்டுகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

அந்த ஆசிரியர்கள் ஸ்வால்பார்டை விட்டுவிட்டு நார்வேக்குள் மட்டும் சுற்றிவிட்டு வந்தார்கள். லாங்யர்பியன் அறைக்குக் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்தார்கள். பாஸ்போர்ட் வந்த அன்று அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முழு ஸ்டிக்கர்கூட இல்லை, அந்தக் கட்டம் மட்டும். 02.