பிரஷர் வாஷர்: சலவை இயந்திரம் அல்ல, பீய்ச்சுக் கழுவி

முற்றம், மதில், கார் ஆகியவற்றின் மேல் தண்ணீரை வேகமாக அடித்து அழுக்கை எடுக்கும் பிரஷர் வாஷருக்கு, இணைய விற்பனைப் பக்கங்களிலும் பெட்டிக்குள் வரும் கையேடுகளிலும் 'உயர் அழுத்த சலவை இயந்திரம்' என்ற பெயரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. 'அழுத்தத் துவைப்பான்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே பிழை.

ஆங்கிலப் பெயரின் முற்பாதி, 'அமுக்கு' என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்தது. பிற்பாதி பழைய ஆங்கிலச் சொல். 'வாட்டர்' என்பதோடு வேர் உறவு கொண்டது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950-இல் வெந்நீரை உயர் அழுத்தத்தில் அடிக்கும் கருவியை உருவாக்கியது. வீட்டுக்காரர் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய வடிவம் 1984-இல் வந்தது. ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கு 'உயர் அழுத்தத் துப்புரவுக் கருவி' என்பதே பொருள். துணி துவைப்பதற்கு அதில் இடமே இல்லை.

நம் மொழியிலும் இருக்கக் கூடாது. ஆங்கிலம் 'வாஷ்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறது. தமிழில் துணியைத் துவைக்கிறோம், பிறகு அலசுகிறோம், அரிசியைக் களைகிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம் அல்லது விளக்குகிறோம், காலை அலம்புகிறோம், தரையையும் வண்டியையும் கழுவுகிறோம். சலவை என்றாலே துணி. சலவைக்காரர் யாருடைய முற்றத்தையும் கழுவ வருவதில்லை. பொருளுக்கேற்ப வினை மாறும் மொழியில், அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பே அல்ல.

'சரி, பிரஷர் வாஷர் என்றே எழுதிவிடலாம்' என்பார்கள். பஸ்ஸையும் டிக்கெட்டையும் ஏற்றவன்தான் நான். ஆனால் இந்த இடத்தில் குழப்பம் வருகிறது. தமிழ் வீடுகளில் வாஷர் என்றால் குழாய்க்குள் போடும் வளையம், குக்கர் மூடிக்குள் இருக்கும் ரப்பர். பாத்திரக் கடையில் பிரஷர் வாஷர் கேட்டால் எந்தக் குக்கருக்கு என்று கேட்பார்கள். 'வாஷர் தேய்ந்தால் மாற்றவும்' என்று கையேட்டில் எழுதினால், மாற்ற வேண்டியது ரப்பரையா கருவியையா?

போட்டிச் சொற்களில் ஓரளவு தகுதி உள்ளது 'அழுத்தக் கழுவி'. வினை சரி. அழுத்தம்தான் இடிக்கிறது. பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கீழ்க்குழாயில் தருவது ஏறத்தாழ 1 பார் அழுத்தம் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). வீட்டுக் கருவிகள் 100 முதல் 130 பார் வரை தருகின்றன. ஆனால் அந்த அழுத்தம் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும்தான். குழலின் நுனியில் மாட்டும் நாசிலின் சிறு துளையைத் தாண்டும்போது அந்த அழுத்தம் நீரின் வேகமாக மாறிவிடுகிறது. அழுக்கைப் பெயர்ப்பது அந்த வேகமான நீர்த்தாரை மோதும் மோதல். பெயரில் அழுத்தத்தை மட்டும் தூக்கி வைத்ததால்தான் வாங்குகிறவர் பார் எண்ணை மட்டும் பார்க்கிறார். பெயர்ந்த அழுக்கை அடித்துச் செல்வது நீரின் அளவு. ஆகவே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக் கருவிகளில் பொதுவாக 5 முதல் 7 லிட்டர். காருக்கும் இருசக்கர வண்டிக்கும் 100 பார் தாராளம்.

இந்தச் செயலுக்குத் தமிழில் உயிருள்ள வினை இருக்கிறது. பால் பீய்ச்சுகிறோம். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்ததாகவே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மேல் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அகராதியில் பீச்சாங்குழல் என்ற பழைய சொல்லே உண்டு. எனவே 'பீய்ச்சுக் கழுவி' என்பேன். 'கழுவி' வினையெச்சம் போல ஒலிக்கிறதே என்பது இலக்கணம் தெரிந்தவர்களின் தடை. விசிறியும் அப்படித்தான்; மின்விசிறியைப் பார்த்து யாரும் தடுமாறுவதில்லை.

தலைப்பில் தொடங்கும் அலட்சியம் கையேட்டுக்குள் ஆபத்தாகிறது. ஆங்கிலத்தில் 'லான்ஸ்' எனப்படும் நீண்ட குழல் 'ஈட்டி' ஆகிறது, 'கன்' எனப்படும் கைப்பிடி 'துப்பாக்கி' ஆகிறது. நாசிலின் நிறக் குறிப்பைத் தமிழில் விளக்குவதே இல்லை. நீர் விரியும் கோணத்தைக் காட்டுவது அந்த நிறம்: சிவப்பு 0 பாகை, அதாவது விரியாத ஒற்றைத் தாரை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புநீருக்கு. நிற நாசில்கள் உள்ள பெரும்பாலான கருவிகளில் இதுதான் வழக்கம். சிவப்பு நாசில் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், மொட்டைமாடி ஓட்டின் இடைப்பூச்சைப் பெயர்க்கும், தோலையும் துளைக்கும். ஊசி குத்தியது போலச் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கைப்பிடியைப் பிடிப்பவருக்குப் புரியும் தமிழில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்த வரி.

வேலை முடிந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கும். 'அழுத்தம்' என்ற சொல்லைக் கையேட்டில் எழுத வேண்டிய இடம் அதுதான்: தண்ணீர்க் குழாயை மூடி, நாசிலைத் தரையை நோக்கிப் பிடித்து, கைப்பிடியின் விசையை அமுக்கி, தண்ணீர் நிற்கும்வரை வெளியேற்றுங்கள், அதன் பிறகே இணைப்பைக் கழற்றுங்கள்.