ஆர்கனாய்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ் அறிவியல் கூட்டம். வைரஸ் பற்றி நன்றாகவே பேசியவர், ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் செல்லிலிருந்து வளர்க்கும், உறுப்பின் அமைப்புள்ள சிறு திசு) வந்த இடத்திலெல்லாம் ‘செயற்கை உறுப்பு’ என்றார். பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். “என் தம்பிக்குப் பாதிக் குடலை எடுத்துட்டாங்க. இதை அவனுக்கு வைக்க முடியுமா ஐயா?” பேச்சாளர் தடுமாறிப்போனார். இதே மொழிபெயர்ப்பை எத்தனை கட்டுரைகளில் பார்த்துவிட்டேன்! ஒரு தவறான சொல் ஒரு குடும்பத்துக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிடுகிறது.

கிரேக்கத்தில் ஆர்கனான் என்றால் கருவி. உறுப்பு என்ற பொருள் அதிலிருந்து வந்தது. எய்டோஸ் என்றால் உருவம். சொல் பிறப்பு அவ்வளவுதான்.

பொருள் என்ன? 2009இல் நெதர்லாந்தில் தொஷிரோ சாட்டோ, ஹான்ஸ் கிளெவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லை, அதாவது பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லைக் கூழ்மத்தில் வைத்துக் குடல் திசுவின் அமைப்பையே வளர்த்துக் காட்டினார்கள். உறிஞ்சும் செல், சளி சுரக்கும் செல் எல்லாம் அதில் உண்டு. ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. உடலில் பொருத்தும் முழு உறுப்பு அல்ல அது. அதன் பெரிய பயன் ஆய்வில்தான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் 1972இலேயே நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களில் அது பெருகவே இல்லை. 2016இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைரஸ் ஆய்வாளர் மேரி எஸ்டெஸின் குழு மனிதக்குடல் ஆர்கனாய்டில் அதைப் பெருக்கியது. சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. குடலுக்குள் இருக்கிற சூழல் வைரஸுக்கு அவ்வளவு முக்கியம்.

சரி, ஆர்கனாய்டைச் சிலர் ‘உறுப்புப்போலி’ என்கிறார்களே? ‘பந்தல்’ ‘பந்தர்’ ஆவது கடைப்போலி, இலக்கணத்தில் போலிக்கு இழுக்கில்லை என்பது அவர்கள் வாதம். வகுப்பறையில் அது சரி. நாளிதழைத் திறந்தால் போலி மருந்து, போலி டாக்டர், போலிச் சான்றிதழ். தடுப்பூசி ஆராய்ச்சிச் செய்தியில் ‘உறுப்புப்போலியில் சோதித்தார்கள்’ என்று எழுதினால் படிப்பவர் மோசடி என்றுதான் நினைப்பார். குடல் ஆர்கனாய்டுக்குச் சிலர் வைக்கும் ‘குட்டிக்குடல்’ இன்னும் மோசம். அளவைச் சொல்கிறது, தன்மையைச் சொல்லவில்லை. கேட்டால் ‘வாசகருக்கு எளிமையாக இருக்கட்டும்’ என்பார்கள். பொருள் மாறிப்போன பிறகு அந்த எளிமை யாருக்கு?

எனக்குப் பிடித்தது உறுப்புரு. எழுத்து, உரு சேர்ந்து எழுத்துரு என்று கணினிக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, அதே புணர்ச்சிதான். உறுப்பின் உருவில் வளர்ந்த திசு என்று யாரும் விளக்காமலே புரியும். ஆர்கனாய்டு என்று அப்படியே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. செயற்கை உறுப்பைவிட அது நூறு மடங்கு நேர்மையானது. அப்புறம், குடலில் இருந்து வளர்த்ததைக் குடலுரு என்று சுருக்கிவிடலாம். நுரையீரலுக்கு அப்படிச் சேர்த்தால் வாயில் நுழையாது. அங்கே நுரையீரல் உறுப்புரு என்று பிரித்தே எழுதுங்கள்.