ஜூலையில் வந்து செப்டம்பருக்கு ஆங்கிலம் கேட்பவர்களுக்கு

ஆண்டுதோறும் ஜூலை பிறந்ததும் எங்கள் பயிற்சி வகுப்புக்கு ஒரே மாதிரியான கோப்புகளோடு குடும்பங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கோப்பைத் திறந்தால் ஏதேனும் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின், செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கான, நிபந்தனைக்குட்பட்ட சேர்க்கைக் கடிதம் இருக்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5 பேண்ட் (ஒன்பது வரை போகும் அளவுகோலில் ஒரு நிலை) வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. கல்விக் கடன் வேலை பாதி முடிந்திருக்கும், கல்லூரிக்கு முன்பணம் கட்டியாகியிருக்கும், உறவினர்களுக்கெல்லாம் செய்தி போயிருக்கும். ஆங்கிலம் மட்டும் பாக்கி. போன வாரம் வந்த மெக்கானிக்கல் பட்டதாரி மூன்று முறை தேர்வெழுதி மூன்று முறையும் எழுத்துப் பிரிவில் 5.5 வாங்கியிருந்தார். ஒவ்வொரு முறைக்கும் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். அவருடைய தந்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அரை மார்க்குதான் சார், ஒரு மாசத்துல ஏத்தி விட்டுருங்க."

அரை மதிப்பெண் அல்ல ஐயா, அரை பேண்ட். இரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்த ஊரில் யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மொழித் திறனை அளக்க ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். தொடக்கத்திலிருந்து பி1 படியை எட்ட 350 முதல் 400 மணி நேரமும், பி2 படிக்கு 500 முதல் 600 மணி நேரமும், சி1 படிக்கு 700 முதல் 800 மணி நேரமும் ஆசிரியர் வழிகாட்டுதலுடன் கூடிய கற்றல் தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ இருநூறு மணி நேரம். பல்கலைக்கழகங்கள் கேட்கும் 6.5 என்பது பி2 படியின் மேல் விளிம்பு. பி1 நிலையில் இருக்கும் மாணவர் மாலை வகுப்புக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வந்தால், விடுமுறையே இல்லாமல் இருபது வாரம் ஆகும். முழுநேரத் தீவிரப் பயிற்சியாக வாரத்துக்கு இருபது மணி நேரம் படித்தாலும் பத்து வாரம். வெளிநாட்டு மாணவர்களுக்கான தீவிர ஆங்கில வகுப்புகளுக்கு வாரத்துக்கு இருபது மணி நேர வகுப்பு கட்டாயம் என்று ஆஸ்திரேலியா விதித்திருப்பதும், பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் முன்பயிற்சி ஆங்கில வகுப்புகள் சில வாரங்களிலிருந்து இருபது வாரம் வரை நீளுவதும் இந்தக் கணக்கை அறிந்துதான். "முப்பது நாளில் 7 பேண்ட், உத்தரவாதம்" என்ற பேனரை எழுதுபவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். தெரியாதவர் அந்தப் பேனரைப் பார்த்துப் பணம் கட்டுபவர் மட்டுமே.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது இந்த அவசரம்கூட இல்லை. மாதிரித் தேர்வுகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான். தெர்மாமீட்டரை ஒரு நாளைக்கு நாலு முறை வாயில் வைப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. மாதிரித் தேர்வு உங்கள் நிலையைக் காட்டும், நிலையை மாற்றாது. தேர்வின் வடிவம் பழகுவதற்கு நான்கைந்து மாதிரித் தேர்வுகள் போதும். வாசிப்புப் பிரிவில் நாற்பது வினாக்களுக்கு அறுபது நிமிடம், மூன்று நெடும்பத்திகள், கேட்டல் பிரிவில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகும் ஐம்பதாவது மாதிரித் தாளை எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் தனக்குத் தெரியாத சொற்களை ஐம்பதாவது முறையாகத் தாண்டிப் போகிறார், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையின் முற்றிய வடிவம் டெம்ப்ளேட், அதாவது எந்தத் தலைப்புக்கும் ஒட்ட வைக்க மனப்பாடம் செய்த வார்ப்பு வாக்கியங்கள். மேலே சொன்ன மாணவரை நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். "இன் திஸ் கான்டெம்பரரி எரா, எ ப்ளெத்தோரா ஆஃப் இண்டிவிஜுவல்ஸ்" என்று முதல் வாக்கியம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாக்கியம் "கவர்மென்ட் ஹேவ் டு கிவ் அவேர்னஸ் ஃபார் பீப்பிள்ஸ்" என்று இருந்தது. முதலாவது அவர் மனப்பாடம் செய்தது, மூன்றாவது அவருடையது. பயிற்சி பெற்ற தேர்வாளருக்கு இந்தத் தையல் தெரிய அரை நிமிடம்கூட ஆகாது. எழுத்துப் பிரிவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பாங்கு, கருத்துகளின் கோவை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்குக்கும் சமமான எடை உண்டு. மனப்பாட வாக்கியம் இந்த நான்கில் எதையும் உயர்த்துவதில்லை. மனப்பாடம் என்று தெரிந்தால் கீழேதான் இழுக்கிறது. மூன்று தேர்வுகளிலும் அதே 5.5 வந்ததில் எந்தப் புதிரும் இல்லை. இடையில் அவர் ஆங்கிலம் படிக்கவே இல்லை, தேர்வு மட்டுமே எழுதியிருக்கிறார்.

"பையன் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம்" என்று தொடங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டப்படிப்பில் சேர்வோரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டு ஏற்கும் அதிகாரம் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையோ, பயிற்றுமொழிச் சான்றிதழையோ காட்டித் தேர்விலிருந்து விலக்குப் பெறுபவர்கள் நம் ஊரில் ஏராளம். விலக்குக் கிடைத்தது சேர்க்கைக்குத்தான், படிப்புக்கு அல்ல. ஆங்கில வழியில் படித்த பொறியியல் மாணவர்களில் பலர் வகுப்பில் விளக்கத்தைத் தமிழில் கேட்டு, தேர்வில் கைடில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதி வந்தவர்கள். தானாக ஒரு பக்கம் எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததே இல்லை. அங்கே முதல் பருவத்திலேயே மூவாயிரம் சொற்களில் கட்டுரை கேட்பார்கள். வாசித்ததைச் சொந்த வாக்கியத்தில் சுருக்கி, மூலத்தைக் குறிப்பிட்டு, அதோடு உடன்படவோ மறுக்கவோ வேண்டும். புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே எழுதினால் இங்கே முழு மதிப்பெண். அங்கே டர்னிட்டின் மென்பொருள் அந்த வரிக்கு வண்ணம் பூசிக் காட்டும், ஒழுங்கு விசாரணைக்கு அழைப்பு வரலாம். இதைத் தவிர்க்கும் திறன் எந்தத் தேர்வுப் பயிற்சியிலும் கற்பிக்கப்படுவதில்லை. முன்பயிற்சி வகுப்புகளில் கணிசமான நேரம் இதற்குத்தான் போகிறது. தேர்வில் தேறியவர்களும் அந்த வகுப்புகளை எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் பேசுபவருக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. தமிழில் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் சொற்கள் இல்லாததால் அவற்றை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது கடைசி வரை தடுமாறும். இதற்கு விதியைப் படிப்பதைவிட நல்ல பத்தி ஒன்றை அப்படியே கையால் எழுதி, மறுநாள் அந்த இடங்களை வெற்றிடமாக்கி நிரப்பிப் பார்ப்பது பயன் தரும். உச்சரிப்பில் மாணவர்கள் கவலைப்படுவது பிரிட்டிஷ் தொனி இல்லையே என்று. தேர்வுக்கு அந்தத் தொனி தேவையே இல்லை. தயவுசெய்து மூக்கால் பேசிப் பழகாதீர்கள். உண்மையில் புரியாமல் போவது சொல்லின் அழுத்தம் இடம் மாறுவதால்தான். 'போட்டோ' என்பதில் முதல் அசை அழுத்தம் பெறும், 'போட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது அசைக்கு அது நகரும். நாமோ எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லிச் செல்கிறோம். கேட்கும்போதும் இதே தொல்லை வருகிறது: அழுத்தமில்லாத சொற்களை அவர்கள் விழுங்கிவிடுவதால், எழுத்தில் பார்த்தால் தெரிந்த வாக்கியம் விரிவுரையில் காற்றாகிவிடுகிறது.

'ஹிந்து பேப்பர் படி' என்ற அறிவுரை நம் வீடுகளில் மூன்று தலைமுறையாக ஒலிக்கிறது. படியுங்கள், தவறில்லை. ஆனால் நாளிதழ்த் தலையங்கத்தின் நடை வேறு, ஆய்வுக் கட்டுரையின் நடை வேறு. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் துறையின் பாடநூலைத் திறந்தாலும் அவை திரும்பத் திரும்ப வரும். நாளுக்கு ஐந்து என்று எடுத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். அதோடு உங்கள் துறை சார்ந்த இணைய விரிவுரை ஒன்றைத் திரையில் ஓடும் சப்டைட்டில் இல்லாமல் கேட்டுக் குறிப்பெடுங்கள். வாரம் இரண்டு கட்டுரை எழுதித் திருத்தம் வாங்குங்கள். வாங்கியதோடு விடாமல் அதே கட்டுரையை மீண்டும் எழுதுங்கள். திருத்திய தாளை மடித்துப் பையில் வைப்பவருக்கு அந்தச் சிவப்பு மையால் ஒரு பயனும் இல்லை.

இனி, பணமும் காலமும் வீணாகாமல் இருக்கச் சில செய்திகள். சேர்க்கைக்குப் பத்து மாதத்துக்கு முன்பே உங்கள் நிலையைச் சோதித்துக்கொள்ளுங்கள்; ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும் என்பதால் முன்கூட்டி எழுதுவதில் நட்டமில்லை. பதிவு செய்யும்போது பல்கலைக்கழகப் படிப்புக்கான அகாடமிக் பிரிவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ஜெனரல் எழுதிவிட்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். பிரிட்டனில் முன்பயிற்சி வகுப்பில் சேர்வதற்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் விசா துறை ஏற்கும் 'யூகேவிஐ' வகைத் தேர்வு வேண்டும், சாதாரணத் தேர்வு செல்லாமல் போகலாம். ஒரு பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் வசதி கணினி வழித் தேர்வுக்கு உண்டு, முதல் தேர்விலிருந்து அறுபது நாளுக்குள் எழுத வேண்டும். ஆனால் அதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை, கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பழைய வலைப்பதிவுகளில் உள்ள விசா விதிகளை நம்பாதீர்கள்: ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் வரம்பை 5.5-லிருந்து 6.0-ஆக உயர்த்திவிட்டது. உங்களுக்குப் பதில் வேறொருவர் தேர்வெழுத ஏற்பாடு செய்வதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். 2014-இல் பிரிட்டனில் ஆங்கிலத் தேர்வு மோசடி வெளியானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா பறிபோனது. தாங்கள் நேர்மையாகவே எழுதியதாக வாதிட்டவர்கள்கூட ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

ஏற்கெனவே ஜூலையில் வந்து நிற்பவர்கள், நான்காவது முறை தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பு சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல படிப்புகளுக்கு ஜனவரிச் சேர்க்கை உண்டு. இல்லையென்றால் அடுத்த செப்டம்பருக்கு இடத்தை ஒதுக்கி வைப்பார்களா என்று கேளுங்கள். கட்டிய முன்பணம் அதற்குச் செல்லுமா, ஆங்கில நிபந்தனை நிறைவேறாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்; பதில் பல்கலைக்கழகத்தின் முகவரியிலிருந்து, எழுத்தில் வரட்டும்.