கௌபாய்

இந்தச் சொல்லைக் கேட்டதும் அகலத் தொப்பியும் இடுப்புத் துப்பாக்கியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஜெய்சங்கர் படங்களும் காமிக்ஸும் அப்படிப் பழக்கிவிட்டன. நேர்ப்பொருள் 'மாட்டுப் பையன்', அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது மாடு மேய்க்கும் சிறுவன். அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரிட்டன் பக்கம் நின்று மாடு கவர்ந்தவர்களுக்கும் இதே பெயர். குதிரைமேல் மந்தை ஓட்டும் கூலியாள் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. தொழில் மெக்சிகோவின் குதிரையேறிய மாடு மேய்ப்பர்களான 'வாக்கெரோ'க்களிடம் கற்றது. ஸ்பானிய மொழியில் 'வாக்கா' என்றால் பசு. மாட்டைப் பிடிக்க வீசும் சுருக்குக் கயிறான லாசோ, கௌபாய் திறன் போட்டியான ரோடியோ எல்லாம் அந்த வழியில் வந்த சொற்களே.

துப்பாக்கியை மறந்து மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால், 'கௌபாய் ஓவியர்' எனப்பட்ட சார்லஸ் ரஸ்ஸலிடம் போகலாம். 1864இல் செயின்ட் லூயிஸில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1880இல் அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள மொன்டானாவுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் மந்தை வேலை கிடைத்தது, பெரும்பாலும் இரவுக் காவல். பகலில் வரைந்தார், மெழுகில் உருவம் பிடித்தார். கற்றதெல்லாம் பார்த்தும் செய்தும்தான். 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று உரிமையாளர் கேட்டார். அவருக்குப் போய்ச் சேர்ந்தது ரஸ்ஸல் வரைந்த கையகல நீர்வண்ணப் படம்: பனியில் எலும்பும் தோலுமாய் ஒரு மாடு, காத்திருக்கும் ஓநாய்கள். அந்தப் படம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அப்புறம் மந்தையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார். 1896இல் மணந்த நான்சி, படங்களுக்குத் துணிந்து விலை சொன்னார். மெழுகு உருவங்கள் வெண்கலமாயின. 1912இல் மொன்டானா சட்டமன்றச் சுவரில் பெரிய ஓவியம், 1926இல் மறைவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கோவலர்' அழகான சங்கச் சொல், ஆனால் குழலோசையும் முல்லைக் காடும் கூடவே வந்துவிடும். 'இடையர்' ஒரு சமூகத்தின் பெயராகவும் வழங்குகிறது. என் தேர்வு 'மாட்டுக்காரர்'. தேவைப்பட்டால் 'குதிரையேறிய மாட்டுக்காரர்'. சினிமாவில் சுடுகிறவன் கௌபாயாகவே இருக்கட்டும். 'மாட்டுக்கார ஓவியர்' என்றால் மாடு வரைபவர் என்றும் தொனிக்குமே என்பீர்கள். ரஸ்ஸல் விஷயத்தில் அதுவும் சரிதான்.