தேள் கொட்டுவது ஓரிடம், நெறி கட்டுவது ஓரிடம்

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று ஒரு பழமொழி உண்டு. சம்பந்தமே இல்லாத இரண்டை முடிச்சுப் போடுகிறவர்களைக் கேலி செய்யச் சொல்வது. மரங்களைப் பொறுத்தவரை கேலி சரிதான். உடம்பில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது. குதிகாலில் முள் ஏறிப் புரையோடினால் இரண்டு நாளில் தொடையிடுக்கில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று தட்டுப்படும். கையில் புண் என்றால் அக்குளில், தொண்டையில் புண் என்றால் தாடைக்குக் கீழே. சின்ன வயதில் நான் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பாட்டி காலைப் பார்ப்பதற்கு முன்பே "நெறி கட்டியிருக்கா?" என்றுதான் கேட்பார்.

அந்த நெறிக்கு மருத்துவப் பெயர் நிணநீர்க் கணு. திசுக்களிலிருந்து வடியும் நீர்தான் நிணநீர்; அது ஓடும் குழாய்களின் நடுவே இருக்கும் முடிச்சு இது. உடம்பு முழுக்கச் சுமார் 600 இருக்கின்றன. சாதாரண நாட்களில் பெரும்பாலும் கைக்கே அகப்படாது. சரி, முள் குத்தியது காலில். தொடையிடுக்கில் ஏன் வீங்க வேண்டும்?

முதல் சண்டை காலிலேயே நடந்துவிடுகிறது. தோல் கிழிந்து கிருமி உள்ளே போனதும் அங்கேயே காவலிருக்கும் செல்கள் அதை விழுங்கத் தொடங்கும். ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவியும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. அவற்றின் ஆயுளும் ஏறக்குறைய ஒரு நாள்தான். புண்ணில் கட்டும் சீழில் பெரும்பங்கு செத்துப்போன இவைதான். இந்த முதல் படைக்கு ஆள் அடையாளம் தெரியாது. பாக்டீரியாக்களின் மேலுறையில் பொதுவாக இருக்கும் சில பொருட்களைக் கண்டால் அடிக்கும், அவ்வளவே. நமக்குத் தெரியாமலே முடிந்துபோகும் சண்டைகளில் பெரும்பாலானவை இவற்றின் கைங்கரியம்.

சண்டை இழுத்துக்கொண்டு போனால்தான் நெறிக்கு வேலை. டென்ட்ரைட்டிக் செல் என்று ஒன்று இருக்கிறது. மரக்கிளை போலக் கைகளை நீட்டிக்கொண்டு தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும். அது கிருமியை விழுங்கி, நறுக்கி, துண்டுகளைத் தன் மேல்பரப்பில் மாட்டிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாகப் பக்கத்து நெறிக்குக் கிளம்பும். இதை 1973இல் அடையாளம் கண்டவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. குழுவுக்கு அது தெரியாது. இறந்தவர்களுக்குத் தருவதில்லை என்ற விதி இருந்தும், தெரியாமல் அறிவித்ததால் பரிசு நிலைத்தது.

நெறியில் நடப்பதை வரன் தேடுவதோடு ஒப்பிடலாம். டென்ட்ரைட்டிக் செல்தான் தரகர். கையில் இருப்பது கிருமியின் ஜாதகம். நெறிக்குள் டி செல்கள், பி செல்கள் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்கள் பெருங்கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். குறிப்பிட்ட ஒரு கிருமிக்குப் பொருந்துவது லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. உடம்பெங்கும் சிதறிக் கிடந்தால் இவை சந்திக்கவே முடியாது. அதனால்தான் கூடும் இடமாக நெறி. செல்கள் நாள் கணக்கில் ஒரு நெறியிலிருந்து அடுத்த நெறிக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதுவரை உலகத்தில் இல்லாத கிருமி நாளை வந்தாலும் அதற்குப் பொருந்தும் செல் எப்படி முன்கூட்டியே தயாராக இருக்கிறது? இதற்கு விடை கண்டவர் ஜப்பானின் சுசுமு டோனெகாவா. கிருமியைப் பிடிக்க பி செல்கள் செய்யும் புரதம்தான் எதிர்ப்பொருள். அதற்கான மரபணு முழுதாக நமக்குக் கிடைப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது அந்தத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துத் தனக்கென்று ஒரு சேர்க்கையை எடுத்துக்கொள்கிறது. 1976இல் அவர் காட்டிய இதற்கு 1987இல் நோபல் கிடைத்தது. டி செல்களிலும் இதே கதைதான். கலைத்துப் போட்டால் சொந்த உடம்பையே அடிக்கும் சேர்க்கையும் வரத்தான் செய்யும். டி செல்களை நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சோதிக்கிறது. அங்கே தேறி வெளியே வருபவை மிகச் சிலவே. இந்தக் கட்டுப்பாடு தவறினால்தான் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் போன்றவை வருகின்றன. எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று பொடி விற்கிறவர்களிடம் எதை ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

பொருத்தம் அமைந்துவிட்டதா, நெறியிலிருந்து செல்கள் வெளியேறும் வழி கொஞ்ச நேரம் அடைபடும். உள்ளே வருவது மட்டும் கூடும். பொருந்திய செல் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை பிரிந்து பெருகும். நெறி வீங்கி, மேலுறை இழுபட்டு வலிக்கும். உள்ளே இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பெருகும் பி செல்கள் எதிர்ப்பொருளுக்கான மரபணுவை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக நகலெடுக்கின்றன. அதில் கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் நகல் பிழைக்கும், மற்றவை சாகும். முதல் வாரத்து எதிர்ப்பொருளைவிட மூன்றாம் வாரத்து எதிர்ப்பொருள் கெட்டியாகப் பிடிப்பது இப்படித்தான்.

வேலை முடிந்ததும் பெருகியவற்றில் பெரும்பாலானவை இறந்து நெறி வற்றிவிடும். சில மட்டும், அதே கிருமி மறுபடி வந்தால் உடனே அடையாளம் காணும் நினைவுச் செல்களாகத் தங்கும். எவ்வளவு காலம்? வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு 1846இல் கோபன்ஹேகனிலிருந்து போன ஒரு தச்சரோடு தட்டம்மையும் போய் இறங்கியது. 7,782 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் வீடு வீடாக விசாரித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது வந்து பிழைத்த கிழவர், கிழவிகளில் ஒருவருக்குக்கூட 65 ஆண்டு கழித்து மறுபடி வரவில்லை. நடுவில் அந்தக் கிருமியை அவர்கள் உடம்பு பார்த்ததே இல்லை.

தட்டம்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த வைரஸ் குறிவைத்து நுழையும் செல்களில் நினைவுச் செல்களும் உண்டு. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. மற்றக் கிருமிகளுக்காகச் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தொலைந்துபோயிருந்தன. தன்னை மட்டும் மறக்கவிடாமல் மற்றதில் ஒரு பங்கை அழித்துவிட்டுப் போகிறது. தடுப்பூசியில் இந்த இழப்பு இல்லை. நம் ஊரில் ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.

அப்புறம், பாட்டி தடவிப் பார்த்த நெறிக்கு வருவோம். புண் ஆறினால் இரண்டு மூன்று வாரத்தில் அதுவும் அடங்க வேண்டும். கழுத்தில் வரிசையாக, வலியில்லாமல், அடங்காமல் நின்றால் அதற்கு நம் பழைய பெயர் கண்டமாலை. பெரும்பாலும் காசநோய்க் கிருமி. தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கத் தெரிந்த கிருமி அது. வலிக்கவில்லையே என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும்.