சமுதாய வானொலி: விளம்பரம் எவ்வளவு போடலாம், யாரிடம் வாங்கலாம்?

பாம்பனில் 2016-இல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம்., மீனவர்களுக்கென்றே வந்த சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களுக்காக லாப நோக்கில்லாமல் நடக்கும் சிறு நிலையம். அதே ராமநாதபுரம் கரையில் தொண்டியிலோ ஏர்வாடியிலோ இப்படி ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்கள், கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் மாதச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும். நிலையங்கள் திணறுவது அங்கேதான்.

அனுமதி தருவது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். தனிநபருக்கும் அரசியல் கட்சிக்கும் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கும் கிடையாது. கல்லூரி, வேளாண் அறிவியல் நிலையம், பதிவு செய்து குறைந்தது 3 ஆண்டு மக்கள் பணி செய்த தொண்டு நிறுவனம் ஆகியவை விண்ணப்பிக்கலாம். 2024-இல் மாற்றிய விதிப்படி அனுமதி 10 ஆண்டுக்கு.

அதே 2024-இல்தான் விளம்பர நேரமும் கூடியது. மணிக்கு 7 நிமிடமாக இருந்தது 12 ஆனது. அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ஆனது. 12 நிமிடமும் நிரம்பினால் 72 விளம்பரம், 5,328 ரூபாய். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு விளம்பரம் அப்படி மணிக்கு மணி வருவதில்லை. அதை நம்பி யாருக்கும் சம்பளம் பேசிவிடாதீர்கள்.

உள்ளூர்க் கடை, தொழில், நிகழ்ச்சி, வேலைவாய்ப்பு பற்றிய விளம்பரங்களை விதி அனுமதிக்கிறது. உண்மையான வருமானம் இதில்தான். 100 வாட் ஒலிபரப்பு சில கிலோமீட்டர் தூரம்தான் போகும். தங்கச்சிமடத்து வலைக்கடைக்கு அது போதும், அதன் வாடிக்கையாளர் எல்லாரும் அந்த எல்லைக்குள்தானே இருக்கிறார்கள். கடைக்காரரிடம் இதைத்தான் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தக் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸ் கம்பெனிக்கும் ஏலக்கடைக்கும் வியாபாரம் படுத்துவிடும், அவர்கள் தரும் விளம்பரமும் நின்றுவிடும். ஆனால் படகைப் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான். லேத் பட்டறை, பெயின்ட் கடை, மரக்கடை, இன்ஜின் மெக்கானிக் எல்லாருக்கும் அது சீசன். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பும் அந்த மாதங்களில்தான் வரும். மார்ச்சிலேயே இவர்களைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டால் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிடலாம்.

சரி, கேட்பவர்களை எப்படிப் பிடித்து வைப்பது? செய்தியைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் வானிலை, மின்தடை, குடிநீர், தேர்வு, வேலைவாய்ப்பு, இயற்கைச் சீற்றம் பற்றிய தகவலை விதி செய்தியாகக் கருதுவதில்லை. ஆகவே பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதை உடனே சொல்லலாம். கச்சான் காற்று எப்படி வீசுகிறது, கடலுக்குப் போகலாமா என்று ஊரே காது கொடுக்கும் நேரம் அது. அதற்கு முன்பும் பின்பும் வரும் விளம்பரத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது நியாயம். எச்சரிக்கைக்கு மட்டும் யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்பேன்.

வரும் பணம் முதலில் நிலையத்தின் செலவுக்கே. லாபமாக யாரும் பிரித்துக்கொள்ள முடியாது. நிகழ்ச்சியில் பாதியாவது அந்தந்த ஊர் மக்கள் உருவாக்கியதாக இருக்க வேண்டும். நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்த இடங்களைப் பெயருக்கு நிரப்பாமல் கருவாடு போடும் பெண்களையும் மீன் விற்கும் பெண்களையும் அழைத்து உட்கார வையுங்கள். எந்தக் கடை விளம்பரம் தரும், எது இழுத்தடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.